போய்ச்சேரும் கப்பலும் திரும்பிவரும் கப்பலும்

2018 பெப்ரவரி தொடக்கம் ஜூன் வரை தென் கென்சிங்டனிலுள்ள விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'ஓஷன் லைனர்ஸ்: ஸ்பீட் அன்ட் ஸ்டைல்' என்ற கண்காட்சி நடந்தது. டைட்டானிக்கின் முதல் வகுப்பு ஓய்வறைக் கதவுக்கு மேலிருந்த மரச்செதுக்கல், லூசித்தானியா மூழ்கியபோது உயிர் தப்பிய ஒரு சீமாட்டியின் கார்ட்டியே வைர முடி, விண்ட்சர் கோமகனின் பயணப் பெட்டிகள், நோர்மண்டி கப்பலின் புகைத்தல் அறையை அலங்கரித்த அரக்கு வேலைப்பாட்டுப் பலகை என்று கண்ணைப் பறிக்கும் பொருட்கள் பலவற்றை அங்கே வைத்திருந்தார்கள். பார்த்துவிட்டு வந்தவர்களில் பலர் சொன்னது ஒன்றுதான்: அந்தக் காலத்துக் கப்பல்தான் கப்பல், இன்றைக்குக் கடலில் போவதெல்லாம் மிதக்கும் அடுக்குமாடி.

இதை நான் அதற்கு முன்பே நம் வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் கொழும்பில் கப்பலேறி டில்பரியில் இறங்கிய ஒரு தலைமுறை லண்டனில் இருக்கிறது. படிக்க வந்தவர்கள், வைத்தியர்கள், கணக்காளர்கள், அவர்களைப் பின்தொடர்ந்து வந்த மனைவியர். 'ஒர்க்காடிஸ்', 'ஒர்சோவா', 'ஸ்ட்ராத்நேவர்' என்று கப்பல்களின் பெயரைச் சொந்தக்காரர் பெயர்போலச் சொல்வார்கள். தங்கள் பேரப்பிள்ளைகள் மியாமியிலிருந்தோ சவுத்ஹாம்ப்டனிலிருந்தோ உல்லாசக் கப்பலேறி அனுப்பும் படங்களைப் பார்த்து, "இதுவும் ஒரு கப்பலோ?" என்று கேட்பார்கள்.

அவர்கள் சொல்வது பாதி சரி என்பது என் எண்ணம். மற்றப் பாதியையும் பேசாமல் விட்டால் நாம் அருங்காட்சியகத்தின் கண்ணால் நம் சொந்த வரலாற்றைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். அந்தக் கண் பெரும்பாலும் மேல்தளத்தில் நின்று பார்க்கும் கண்.

*

முதலில் சரியான பாதி.

லைனர் என்பது ஒரு பாதையில் ஓடும் கப்பல். குறித்த நாளில் ஓரிடத்தில் புறப்பட்டு, குறித்த நாளில் இன்னோரிடத்தில் சேர வேண்டும். பி அன்ட் ஓ போன்ற கம்பனிகள் அரசின் தபாலை ஒப்பந்தத்தில் ஏற்றிச் சென்றதால் பிந்துவது பெரிய விஷயம். காற்று எப்படி அடித்தாலும் போக வேண்டும் என்பதால் கப்பலின் உடல் நீண்டு ஒடுங்கியது. அணியம், அதாவது முன்பக்கம், உயர்ந்து கூர்மையானது. உடலின் பெரும்பங்கு நீருக்குள் ஆழ இறங்கியது. அந்த வடிவத்தின் அழகு கடலோடு போட்ட கணக்கிலிருந்து வந்தது. லெ கோர்பூசியே 1923இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற நூலில், கட்டடக் கலைஞர்களே கப்பலைப் பாருங்கள் என்று அக்கிட்டேனியாவின் படங்களைக் காட்டியதற்கும் இதுதான் காரணம். வேண்டாத அலங்காரம் ஏதுமின்றித் தேவையே வடிவமாகி நிற்பதாக அவர் கண்டார்.

உல்லாசக் கப்பலின் வடிவத்துக்குக் கணக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. 1984இல் வந்த 'றோயல் பிரின்சஸ்' கப்பலில் பயணிகளின் கபின்கள் எல்லாமே வெளிப்புறம் பார்த்தவை. பல கபின்களுக்குத் தனிப் பல்கனியும் இருந்தது. பல்கனி உள்ள கபினுக்குக் கூடிய விலை கிடைக்கும் என்று தெரிந்த பிறகு, கூடிய பல்கனிகளை எப்படி அடுக்குவது என்பதே கப்பலின் புறத்தோற்றத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது. பக்கங்கள் செங்குத்துச் சுவர்களாகின. கரையில் நின்று பார்ப்பவருக்கு அது பல்கனிகளால் ஆன பெட்டி.

இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் விளங்கும். ஸ்டீபன் பெயின் வடிவமைத்து 2004இல் ஓடத் தொடங்கிய 'குயின் மேரி 2' அத்திலாந்திக்கைக் குறித்த நாளில் கடப்பதற்கென்றே கட்டிய லைனர். நீளம் 345 மீற்றர். நீருக்குள் இறங்கும் ஆழம் 10 மீற்றருக்குச் சற்று மேல். வேகம் மணிக்கு 30 கடல் மைலை எட்டும். அத்திலாந்திக்கின் அலை அடித்துப் போகாதபடி, சர்வதேச விதிகள் கேட்கும் உயரத்தைவிட மேலே உயிர்காப்புப் படகுகளைத் தொங்கவிடுவதற்குத் தனி அனுமதி பெற்றார்கள். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து புறப்பட்ட 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' 365 மீற்றர் நீளம், 20 தளங்கள், 248,663 தொன். குயின் மேரியைவிட ஒரு இலட்சம் தொன் பெரிது. ஆனால் நீருக்குள் இறங்குவது 9 மீற்றருக்குச் சற்று மேல்தான். வேகம் 22 கடல் மைல். கரீபியனின் அமைதியான நீரில் ஒரு வாரம் சுற்றித் திரும்புவதற்கு அதற்குமேல் தேவையில்லை. காலநிலை மோசமானால் வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடலாம். ஒருவரும் அங்கே போய்ச்சேர வேண்டியவரல்லர்.

லைனர் பயணத்தை விற்றது. உல்லாசக் கப்பல் தன்னையே விற்கிறது. ஏறுமிடமும் இறங்குமிடமும் ஒன்றாக இருக்கும்போது நடுவிலுள்ள கப்பல்தான் ஊர். பூங்கா, பனிச்சறுக்கு மேடை, நீர்ச்சறுக்கு, கடைத்தெரு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. 2009இல் வந்த 'ஒயாசிஸ் ஒஃப் த சீஸ்' கப்பலின் நடுவில் உண்மையான மரஞ்செடிகளோடு ஒரு பூங்கா இருக்கிறது. அதைப் பார்த்துத் திறக்கும் பல்கனிகளில் உட்கார்ந்தால் முன்னால் தெரிவது எதிர்வீட்டுப் பல்கனி. கடல் முதுகுப் பக்கம். "இதுவும் ஒரு கப்பலோ?" என்ற கேள்வியில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

*

இனி மற்றப் பாதி.

லைனரின் வடிவம் முழுக்கத் தேவையால் ஆனது என்பது லெ கோர்பூசியேயின் ஆசை. உண்மை அவ்வளவு சுத்தமாக இல்லை. 1931இல் ஓடத் தொடங்கிய ஸ்ட்ராத்நேவருக்கு மூன்று புகைபோக்கிகள். அவற்றில் முதலாவதும் மூன்றாவதும் வெறும் தோற்றத்துக்கு நின்றவை. நடுவிலுள்ளதில் மட்டுந்தான் புகை போனது. போருக்குப் பின் கப்பலைத் திருத்தியபோது போலிகள் இரண்டையும் கழற்றிவிட்டார்கள். கப்பல் எப்போதும் போல ஓடியது. 1935இல் வந்த நோர்மண்டியின் மூன்றாவது புகைபோக்கியும் போலிதான். புகைபோக்கி கூடினால் பலம் கூடும் என்று நம்பிய மக்களுக்காகக் கப்பல் போட்ட வேஷம் இது.

கடலுக்கு முதுகு காட்டும் பழக்கமும் இன்றைய கப்பல்கள் தொடங்கியதல்ல. நோர்மண்டியின் முதல் வகுப்புச் சாப்பாட்டு மண்டபம் ஏறத்தாழ 93 மீற்றர் நீளம். லாலிக் செய்த கண்ணாடி விளக்குத் தூண்களின் ஒளியில் அது மின்னியது. அந்த மண்டபத்துக்கு ஒரு யன்னல்கூடக் கிடையாது. அத்திலாந்திக்கின் நடுவில் இருப்பதை மறப்பதற்காகவே பரிஸ் மாளிகை ஒன்றைக் கப்பலுக்குள் கட்டினார்கள். பல கோடி செலவில் கடலை மறைப்பதில் ஐக்கன் கப்பலுக்கு நோர்மண்டிதான் பாட்டி. பாட்டியின் ரசனை நல்லது, பேத்தியின் ரசனை மோசம் என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதம் ரசனை பற்றியது. கப்பலின் நேர்மை பற்றியதல்ல.

நம் தலைமுறையினர் வந்த கப்பல்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பி அன்ட் ஓ, ஓரியன்ட் லைன் கப்பல்களில் பெரும்பாலும் இரண்டு வகுப்புகள்: முதல் வகுப்பும் ரூரிஸ்ட் வகுப்பும். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிக்கட்டு, தனிச் சாப்பாட்டு மண்டபம், தனித் திறந்த தளம். நல்ல லைனரைத் திட்டமிடுவதன் திறமையே இந்த இரு கூட்டமும் மூன்று கிழமை ஒரே கப்பலில் இருந்தும் ஒருவரை ஒருவர் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான். வரைபடத்தில் ஒரு கதவு எங்கே பூட்டப்படுகிறது என்பது, ஓய்வறைச் சுவருக்கு எந்த மரம் என்பதைவிட முக்கியமான வடிவமைப்பு முடிவு. கண்காட்சிகளில் மரத்தைக் காட்டுகிறார்கள். கதவை எப்படிக் காட்டுவது?

அந்தக் கதவுக்கும் கீழே இன்னொரு கப்பல் இருந்தது. பி அன்ட் ஓ கப்பல்களின் அடுப்படியிலும் எந்திர அறையிலும் மேல்தட்டிலும் வேலை செய்தவர்களில் மிகப் பெரும் பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தவர். கோவாக்காரர், பஞ்சாபியர், குஜராத்துக் கரையோர மாலுமிகள். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்த மாலுமிகளுக்கு, ஐரோப்பிய மாலுமிக்குக் கட்டாயமாயிருந்ததைவிடக் குறைந்த படுக்கையிடமே போதும் என்று பேரரசின் சட்டம் நீண்ட காலம் அனுமதித்தது. அதுவும் வடிவமைப்புத்தான். யாரோ ஒருவர் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்.

*

லைனரைப் பற்றித் தமிழில் பேசுபவர் 'ராஜுலா'வைத் தாண்டிப் போக முடியாது. 1926இல் கிளாஸ்கோவில் கட்டி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பனி ஓட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பனி தொடங்கியது இந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பனியை எதிர்த்துத்தான். அவருடைய கம்பனியை ஒழித்த பிறகு, தமிழர் பலரை மலாயாவுக்குக் கொண்டுபோனவை அதே கம்பனியின் கப்பல்கள்.

ராஜுலா சுமார் 8,500 தொன். தொடக்க காலத்தில் 5,000க்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. கபின் கிடையாது. பாய் விரித்துத் தட்டுமுட்டுச் சாமான்களை நான்கு பக்கமும் அடுக்கினால் அதுதான் வீடு. ஐக்கன் நிறையப் பயணிகள் ஏறினால் 7,600 பேர். தொன் அளக்கும் முறை இடையில் மாறியிருக்கிறது என்றாலும், ராஜுலாவைவிட முப்பது மடங்கு பெரிய கப்பலில் ஒன்றரை மடங்கு ஆட்கள் என்று பருமட்டாகச் சொல்லலாம். அடுக்குமாடி என்று நாம் கேலி செய்யும் கப்பலில் ஓர் ஆளுக்குக் கிடைக்கும் இடத்தை ராஜுலாப் பயணி கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

ஆனால் ராஜுலாவும் லைனர்தான். குறித்த நாளில் புறப்பட்டது, குறித்த நாளில் சேர்ந்தது. தோட்டத்துக்குப் போன தொழிலாளி, கடைக்குப் போன கணக்கப்பிள்ளை, புருஷனிடம் போன பெண் எல்லாரையும் கரை சேர்த்தது. கண்காட்சிகள் இதைத் தேடிப் போவதில்லை, ஏனென்றால் காட்டுவதற்கு அரக்குப் பலகை இல்லை. தமிழ் இலக்கியமும் இதில் பெரிய கெட்டித்தனம் காட்டவில்லை. ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் தொங்கானையும் கடற்புயலையும் எழுதிவைத்தார். ராஜுலாவின் மேல்தட்டுக்கு அப்படியொரு நாவல் இன்னும் வரவில்லை என்பது என் குறை.

*

லைனரும் உல்லாசக் கப்பலும் இரண்டு வேறு இனம் என்று பேசுபவர்களுக்கு ஒரு கப்பலைக் காட்ட விரும்புகிறேன்: 'கன்பரா'. பெல்பாஸ்ட்டில் ஹார்லண்ட் அன்ட் வுல்ஃப் கட்டியது. 1961 ஜூனில் சவுத்ஹாம்ப்டனிலிருந்து சுயஸ், கொழும்பு வழியாக அவுஸ்திரேலியாவுக்கு முதற்பயணம் போனது. வடிவமைத்தவர் ஜோன் வெஸ்ட் என்ற இளைஞர். உள் அலங்காரத்தை ஒருங்கிணைத்தவர் கட்டடக் கலைஞர் ஹியூ காசன்.

ஜோன் வெஸ்ட் செய்த பெரிய காரியம் எந்திரங்களைக் கப்பலின் பின்பக்கத்துக்குத் தள்ளியது. அதனால் ஆட்டம் குறைந்த, அகலமான நடுப்பகுதி பயணிகளுக்குக் கிடைத்தது. உயிர்காப்புப் படகுகளைக் கீழ்த்தளம் ஒன்றில் உள்ளொடுக்கி வைத்தார். மேல்தளங்கள் திறந்து வெளித்தன. உள்ளே அகப்பட்ட கபின்களுக்கும் பகல் வெளிச்சம் போகும்படி, ஒரு சிறு முற்றத்தைச் சுற்றிக் கபின்களை அமைத்தார்கள். இளவட்டங்களுக்கான 'பொப் இன்' அறையின் மரச்சுவர்களில், அப்போது மாணவராயிருந்த டேவிட் ஹொக்னி சூட்டுக்கோலால் படங்கள் தீட்டினார். நடுப்பகுதியைப் பயணிகளுக்கு விடுவதும் படகுகளைக் கீழே இறக்குவதும் திறந்த மேல்தளமும் இன்றைய உல்லாசக் கப்பலின் இலக்கணம். கன்பரா அவற்றை லைனராயிருந்தே செய்துவிட்டது. இரண்டு வகுப்புகளோடு.

பிறகு நடந்தது வடிவமைப்பாளர் கையில் இல்லை. ஐம்பதுகளின் முடிவிலேயே விமானம் அத்திலாந்திக்கில் கப்பலை வென்றுவிட்டது. 1967 ஜூனில் சுயஸ் கால்வாய் மூடப்பட்டது, எட்டு வருடங்கள் திறக்கவில்லை. லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையிலான பழைய பாதை அதோடு அறுந்தது. எழுபதுகளின் நடுவில் கன்பரா ஒரே வகுப்பு உல்லாசக் கப்பலாகிவிட்டது. அதே உருக்கு, அதே படிக்கட்டு, அதே முற்றங்கள். பூட்டியிருந்த கதவுகள் திறந்தன, போகவேண்டிய ஊர் இல்லாமல் போனது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். 1982இல் போக்லண்ட் போருக்குப் படை ஏற்றிச் சென்று திரும்பி, பின்னர் மீண்டும் உல்லாசம் ஏற்றி, 1997இல் பாகிஸ்தானின் கடானிக் கரையில் உடைக்கப்பட்டது.

எதிர்த் திசையில் மாறிய கப்பலும் உண்டு. 1948 ஜூன் 22 அன்று கரீபியன் மக்கள் டில்பரியில் இறங்கிய 'எம்பயர் விண்ட்ரஷ்', முப்பதுகளில் 'மொன்டே ரோசா' என்ற பெயரில் நாசி ஜேர்மனியின் உல்லாசப் பயணங்களுக்கு ஓடிய கப்பல். ஆகவே ஒரு கப்பலை லைனராக்குவது அதன் அணியத்தின் கூர்மையல்ல. ஏறியவருக்கு இறங்க ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான்.

*

உல்லாசக் கப்பலைத் திட்டித் தீர்ப்பது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் என் அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளுக்குக் குடும்பமாகச் சவுத்ஹாம்ப்டனிலிருந்து ஒரு வாரம் போனபோது சிலவற்றைக் கண்ணால் கண்டேன். சக்கர நாற்காலியில் இருந்த அம்மா போக முடியாத தளம் அந்தக் கப்பலில் ஒன்றுமில்லை. மின்தூக்கி இருந்தது, வாசற்படியில் மேடு இல்லை, குளியலறையில் பிடிகம்பி இருந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தி, பாரிஸிலிருந்து வந்த பெரியப்பா குடும்பம், யாரும் யாருக்கும் சமைக்காமல் ஒரே மேசையில் ஏழு நாள் சாப்பிட்டோம். சிதறிப்போன குடும்பம் ஒன்று கூடுவதற்கு யாருடைய வீடும் போதாத நிலையில், உல்லாசக் கப்பல் வாடகைக்கு எடுத்த முற்றம்போல உதவுகிறது. பழைய லைனர் எங்களை இப்படி உட்காரவைத்திருக்காது. பணமுள்ள பெரியப்பா மேலே, நாங்கள் கீழே.

அதேவேளை, அந்த ஒரே வகுப்பும் கரைந்துகொண்டிருக்கிறது. இன்றைய பெரிய கப்பல்கள் பலவற்றில் கப்பலுக்குள் ஒரு கப்பலாகத் தனி உணவகம், தனி நீச்சல் குளம், தனி மின்தூக்கி உள்ள பகுதிகள் வந்துவிட்டன. அட்டை இருந்தால் கதவு திறக்கும். பூட்டு மின்னணுவாகியிருக்கிறது, அவ்வளவுதான். கீழ்த்தளங்களில் இந்தியர், பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியர். பின்பக்கத்தில் எழுதியிருக்கும் ஊர் பெரும்பாலும் பஹாமாஸிலோ பெர்முடாவிலோ இருக்கும். குயின் மேரி 2கூட 2011இல் சவுத்ஹாம்ப்டன் பதிவை விட்டு பெர்முடாவின் ஹமில்டனுக்குப் போய்விட்டது. வடிவத்தில் லைனர், பதிவில் உல்லாசக் கப்பல்.

*

எண்பதுகளில் வந்தவர்களுக்கு இந்த விவாதமே அந்நியமாக இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் வந்தவர்கள். கப்பலில் வந்தவர்களின் கப்பல் வேறு.

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். ஜேர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த சரக்குக் கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. உயிர்காப்புப் படகு கப்பலில் எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்பது ஜோன் வெஸ்ட்டுக்கும் ஸ்டீபன் பெயினுக்கும் பெரிய கேள்வி. அந்த 155 பேருக்கு உயிர்காப்புப் படகே கப்பல்.

அடுத்த வருடம் பிரித்தானிய உள்துறை அமைச்சு 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய கார்ப் படகுக் கப்பலை எடுத்து ஹார்விச் துறைமுகத்தில் கட்டிவைத்தது. தஞ்சம் கேட்டவர்களை அதில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். கபின், சாப்பாட்டு மண்டபம், மேல்தட்டு எல்லாம் இருந்த கப்பல். விடுமுறைக்காரர்கள் கால்வாய் கடந்த அதே கப்பல். 1987 ஒக்டோபர் 16 அதிகாலை தென் இங்கிலாந்தைச் சூறையாடிய பெரும்புயலில் அது கட்டறுந்து மிதந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதன் பின்னர் உள்ளே இருந்தவர்கள் விடுவிக்கப்பட்டார்கள், கப்பற்சிறை அத்தோடு முடிந்தது. அரசாங்கத்தால் முடிவெடுக்க முடியாததைப் புயல் எடுத்தது என்று அப்போது நம்மவர்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

ஏர்ல் வில்லியத்தை ஒரு உல்லாசக் கப்பலோடு ஒப்பிடுவது குரூரம் என்று தெரியும். ஆனால் கப்பலின் வடிவத்தைப் பற்றி யோசிக்கையில் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்க முடியவில்லை. இரண்டிலும் ஆட்களுக்குப் படுக்கை உண்டு, உணவு உண்டு, போய்ச்சேரும் ஊர் இல்லை. ஒன்றில் பணம் கொடுத்தவர் விரும்பி ஏறுகிறார், இறங்கும் நாள் அவருக்குத் தெரியும். மற்றதில் திறப்பு வேறொருவர் கையில் இருந்தது. ஊர் என்ற ஒன்றைக் கப்பலிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது தங்குமிடம். அது மாளிகையா சிறையா என்பதைக் கப்பலின் கோடுகள் சொல்வதில்லை.

*

2023இல் காங்கேசன்துறைக்கு இரண்டு கப்பல்கள் வந்தன. ஜூனில் வந்தது 'எம்பிரஸ்'. 1990இல் பிரான்சில் கட்டி, கரீபியனில் மூன்று நான்கு நாள் உல்லாசப் பயணங்களுக்கு ஓடிய கப்பல். இந்தியக் கம்பனி ஒன்றின் கையில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிச் சென்னைக்கே திரும்பும் பயணம். வெள்ளை மாளிகைபோல ஒரு கப்பல் நம் கரையோரம் நிற்கும் படங்கள் லண்டனில் எல்லார் தொலைபேசியிலும் வந்தன. எனக்கும் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போர் நடந்த கடலில் விளக்குப் போட்ட கப்பல் நிற்பது சின்ன விஷயமல்ல.

ஒக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து வந்தது 'செரியபாணி'. 150 பேர் உட்காரக்கூடிய வேகப்படகு. பேருந்துபோல இருக்கை வரிசை. வடிவமைப்பு என்று சொல்லிக் காட்ட ஒன்றுமில்லை. 60 கடல் மைலை மூன்று நான்கு மணி நேரத்தில் கடந்து வந்தது. சில நாட்களிலேயே பருவமழையைச் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறு படகோடு சேவை மீண்டும் தொடங்கியது.

இந்த இரண்டில் எது லைனர் என்று கேட்டால் நான் தயங்காமல் படகைத்தான் காட்டுவேன். நாகையில் ஏறியவர் காங்கேசன்துறையில் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். திருவிழாவுக்கு வரலாம், செத்த வீட்டுக்கு வரலாம், முகாமில் பிறந்த பிள்ளையை அப்பம்மாவிடம் கூட்டி வரலாம். எம்பிரஸில் வந்தவர் ஊரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். டில்பரி தலைமுறையினர் தங்கள் கப்பலில் கண்ட அந்த ஒரு நல்ல குணம், வேகமும் பாணியும் வைர முடியும் எல்லாம் போன பிறகும், இந்த அழகில்லாத படகில் மிஞ்சியிருக்கிறது.

அந்தத் தலைமுறையினருக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கப்பல் வரைபடங்கள் பெருந்தொகையாக இருக்கின்றன. எந்தப் படிக்கட்டு எந்த வகுப்புக்கு என்பதைப் படித்தறிய அவை உதவும். எந்தப் படிக்கட்டில் யாரைத் திருப்பி அனுப்பினார்கள், மரக்கறிச் சாப்பாடு கேட்டபோது என்ன கிடைத்தது, ஏடன் துறையில் யார் இறங்கி என்ன வாங்கினார்கள், டில்பரியில் 1930இல் திறந்த அந்தப் பெரிய பயணப்பொதி மண்டபத்தில் யார் யாருக்காகக் காத்து நின்றார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் இல்லை. ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் சட்டனிலும் வீட்டுப் பரண்களில் கப்பல் பெயர் ஒட்டிய ரங்குப் பெட்டிகளும் சாப்பாட்டு மண்டபப் பட்டியல் அட்டைகளும் கிடக்கின்றன. ஏர்ல் வில்லியத்தில் இருந்தவர்களும் இதே நகரத்தில் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்களுக்கும் அறுபது கடந்துவிட்டது.

இந்த இதழைப் படிக்கும் இளையவர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை தாத்தா அந்தக் காலத்துக் கப்பலைப் பற்றித் தொடங்கும்போது தொலைபேசியில் பதிவை ஓடவிடுங்கள். கப்பல் எப்படி இருந்தது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தளத்தில் இருந்தீர்கள், எந்தக் கதவுவரை போக விட்டார்கள் என்றும் கேளுங்கள்.